கெந்திங் மலையில் மூன்று இரவு: எங்கே சாப்பிடுவது, எதைக் குடிப்பது

2025 ஓகஸ்டில் கொழும்பில் ‘சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்’ திறக்கப்பட்ட பிறகு, கசினோவோடு சேர்ந்த விடுதிகளைப் பற்றிய பேச்சு யாழ்ப்பாணத்துக் கல்யாண வீடுகளிலும், பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில், அடிபடத் தொடங்கிவிட்டது. சூதாட்டத்தைக் கையாலும் தொடாதவர்கள்கூட அப்படியான இடங்களுக்கு விடுமுறைக்குப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டிடம் இருக்கிறது, பெரியவர்களுக்குக் குளிர் இருக்கிறது, எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது என்பது காரணம். ஆனால் போய் வந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: சாப்பாடு சரியாக அமையவில்லை, காசு மட்டும் கரைந்துவிட்டது. நாங்கள் மலேசியாவின் கெந்திங் மலையில் மூன்று இரவு தங்கி, நல்லதும் கெட்டதுமாகப் பல இடங்களில் சாப்பிட்டுத் திரும்பினோம். இனிப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று சாப்பாட்டையும் குடிபானங்களையும் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

எங்களோடு வந்தவர்கள் யார் என்று சொன்னால்தான் என் மதிப்பீடு சரியாக விளங்கும். கொக்குவிலிலிருந்து ஆறு பேர் போனோம். அம்மாவுக்கு 71 வயது. பிறந்தது முதல் சைவம், முட்டையும் தொடமாட்டார். கணவரும் தம்பியும் மச்சம் இல்லாத சோற்றைச் சோறு என்று கணக்கெடுக்காதவர்கள். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9. நான் செவ்வாயும் வெள்ளியும் சைவம், மற்ற நாட்களில் எல்லாம் சாப்பிடுவேன். ஒரே மேசையில் இந்த ஆறு பேருக்கும் வயிறு நிறைய வேண்டும் என்பதுதான் எங்கள் அளவுகோல். தனியாகப் போகும் இளைஞருக்கோ புதிதாகக் கல்யாணம் செய்தவர்களுக்கோ அது வேறாக இருக்கும்.

கெந்திங் என்பது கோலாலம்பூரிலிருந்து வாகனத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தூரத்தில், பகாங், சிலாங்கூர் மாநிலங்களின் எல்லையில் இருக்கும் மலையுச்சி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரம் என்பதால், எங்கள் நுவரெலியாவின் குளிரை அப்படியே எதிர்பார்க்கலாம். லிம் கோ தோங் என்ற சீனத் தொழிலதிபர் 1965இல் தொடங்கிய முயற்சி அது. கசினோ 1971இல் திறக்கப்பட்டது, இன்றும் மலேசியாவில் சட்டப்படி நடக்கும் ஒரே கசினோ அதுதான். அங்குள்ள ஃபெர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலில் மட்டும் 7,351 அறைகள் இருக்கின்றன. இந்த எண்ணிக்கையைச் சும்மா வியப்புக்காகச் சொல்லவில்லை. இத்தனை அறைகளில் இருப்பவர்களும், காலையில் ஏறி மாலையில் இறங்குகிறவர்களும், பகல் பன்னிரண்டரைக்கும் இரவு ஏழரைக்கும் ஒரே நேரத்தில் பசியோடு வெளியே வந்தால் உணவகங்களின் வாசல் எப்படி இருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

கல்யாணம் செய்து போய் இருபது வருடமாகக் கோலாலம்பூரில் வாழும் பெரியம்மாவின் மகள், நாங்கள் மலைக்கு வெளிக்கிடும் நாளன்று ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னா: “பசி வந்தாப் பிறகு இடம் தேடாதை தங்கச்சி. அங்கை சாப்பாட்டுக்கு விலை இல்லை, பசிக்குத்தான் விலை.” முதல் நாள் நாங்கள் அதைக் கேட்காமல் விட்டோம், அதன் பலனையும் அனுபவித்தோம். அறை கிடைக்கப் பிந்தி, பெட்டிகளோடு நின்று, பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கிய பிறகு கண்ணில் முதலில் பட்ட கண்ணாடிக் கதவுக்குள் நுழைந்தோம். மலையிலுள்ள கட்டடங்கள் உள்ளுக்குள்ளேயே ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் எங்கே இருக்கிறோம் என்பது முதல் நாளில் யாருக்கும் பிடிபடாது. கசினோவுக்குள் 21 வயதுக்குக் குறைந்தவர்கள் போக முடியாது என்பதால் பிள்ளைகளோடு போகிறவர்கள் அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். பசியோடு அந்தச் சுற்றைச் சுற்றுகிறவர் எந்த விலைக்கும் தலையாட்டிவிடுவார். ஆகவே அறைக்குப் பெட்டி போகிறதோ இல்லையோ, உச்சிக்குப் போய்ச் சேரும் முன்னரே முதல் நேரச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குள் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தில் பேருந்து ஏறுகிறவர்கள் பக்கத்திலுள்ள பிரிக்ஃபீல்ட்ஸில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஏறுவதே மிகச் சிறந்த வழி.

விலையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் போன நாட்களில் ஒரு ரிங்கிட் ஏறத்தாழ 70 இலங்கை ரூபாவாக இருந்தது. கீழே நகரத்துக் கடையில் இரண்டு ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும், பராட்டாவைப் போன்ற ஒரு ‘ரொட்டி சானாய்’ மலையில் அதைப்போலச் சில மடங்கு விலை. அதற்கு மேல், மேசையில் வந்து பரிமாறும் உணவகங்களில் விலைப்பட்டியலின் அடியில் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருந்தால், ஒன்று 10 வீதச் சேவைக் கட்டணம், மற்றது 6 வீத வரி என்று பொருள். பட்டியலில் 100 ரிங்கிட் என்று கணக்குப் போட்டு மகிழ்ந்தவர் 116 ரிங்கிட் கொடுத்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். சேவைக் கட்டணம் எடுத்த பிறகு தனியாகக் கைக்காசு வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. எங்கள் ஆட்கள் கூச்சத்துக்காக வைக்கிறார்கள், தேவையில்லை.

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். மூன்று நாளும் எங்களுக்கு மிகவும் கைகொடுத்தவை உணவுக்கூடங்கள்தான். ஃபெர்ஸ்ட் வேர்ல்ட் பிளாசாவிலுள்ள மெடான் செலேரா, ஸ்கைஅவெனியூ அங்காடியிலுள்ள மலேசியன் ஃபூட் ஸ்ட்ரீட் ஆகிய இரண்டையும் குறிப்பிட வேண்டும். மலாய், சீன, இந்தியக் கைப்பக்குவங்கள் எல்லாம் அடுத்தடுத்த கடைகளாக நிற்கும் இந்தக் கூடங்களில் ஆறு பேரும் ஆறு திசையில் போய் விரும்பியதை வாங்கிக்கொண்டு ஒரே மேசைக்குத் திரும்பலாம். கலப்பாகச் சாப்பிடும் குடும்பத்துக்கு இதைவிட ஏற்ற ஏற்பாடு எந்த உயர்ந்த உணவகத்திலும் இல்லை. கடையின் முகப்பில் ஹலால் சின்னம் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை முஸ்லிம் நண்பர்களோடு போகிறவர்கள் மட்டுமல்ல, பன்றி இறைச்சி ஆகாதவர்களும் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சின்னம் உள்ள கடையில் பன்றிக் கொழுப்புக்கு இடமே இல்லை.

காலை ஏழரை மணிக்கு ரொட்டி சானாய்க் கடைக்கு முன்னால் நின்று பாருங்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்வேன். எண்ணெயில் ஊறிய மா உருண்டையை அந்த இளைஞர் உள்ளங்கையால் தட்டி, இரண்டு வீச்சில் மேசை முழுவதும் பரவும் மெல்லிய துணிபோல ஆக்கி, ஓரங்களை உள்ளே மடித்துக் கல்லில் போடுகிறார். எடுத்த பிறகு இரண்டு கைகளாலும் பக்கவாட்டில் ஒரு அடி. அந்த அடியில் அடுக்குகள் பிரிந்து, ரொட்டி பூவாக விரிந்துவிடுகிறது. எங்கள் ஊர்ப் பராட்டாவைவிட இது இலேசு, சற்று இனிப்பு, மொறுமொறுப்புக் கூட. மகன் மூன்று சாப்பிட்டான். தொட்டுக்கொள்ளத் தரும் கறியில் உறைப்பு எங்களுக்குக் காணாது. கேட்டால் சம்பல் தருவார்கள், ஆனால் அந்தச் சம்பலைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது.

அடுத்த காலை ‘கோப்பித்தியாம்’ எனப்படும் சீனக் கோப்பிக் கடை முறையில் சாப்பிட்டோம். தணலில் வாட்டிய பாண் துண்டுகளுக்கு நடுவே குளிர்ந்த வெண்ணெயும் ‘காயா’ என்ற பசையும் வைத்துத் தருகிறார்கள். பக்கத்தில் அரைவேக்காட்டு முட்டை, கறுப்பான கோப்பி. காயா என்பது தேங்காய்ப்பால், முட்டை, சீனி ஆகியவற்றை இறம்பை இலையோடு சேர்த்து மெல்லிய சூட்டில் கிண்டி எடுப்பது. வாயில் வைத்ததும் மகள் “இது வட்டிலப்பம்” என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. எங்கள் வளவின் கிணற்றடியில் நிற்கும் அதே இறம்பையின் மணம், கறியில் இல்லாமல் பாணில் வருவதுதான் புதுமை. முட்டை சேர்ந்தது என்பதால் அம்மாவுக்கு அது ஆகாது. வெண்ணெய் மட்டும் வைத்துத் தரச் சொன்னோம், முகம் கோணாமல் செய்து கொடுத்தார்கள். அங்கே பக்கத்து மேசையில் ஒரு சீன முதியவர் கோப்பியைச் சாசரில் ஊற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். மலாயா ரெயில்வேயில் எழுதுவினைஞராக இருந்து பென்சன் எடுத்து வந்த எங்கள் அப்பப்பாவும் கடைசிவரை அப்படித்தான் குடித்தார். அம்மா அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் இருந்தார், நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

சைவக்காரர்கள் இந்தப் பகுதியைக் கவனமாக வாசிக்க வேண்டும், ஏனென்றால் கெந்திங்கில் நாங்கள் பட்ட ஒரே மனவருத்தம் இதில்தான். இரண்டாம் நாள் மதியம், மலையிலிருந்த ஓர் உணவகத்தில், அம்மாவுக்கென்று இலைக்கறி ஒன்று கேட்டோம். ‘மரக்கறி மட்டும், இறைச்சி வேண்டாம்’ என்று இரண்டு முறை சொன்னோம், பணியாளரும் தலையாட்டினார். வந்தது கங்குன் கீரை வதக்கல், பார்க்கப் பச்சைப்பசேலென்று அழகாக இருந்தது. அம்மா ஒரு வாய் எடுத்து முகத்தருகே கொண்டுபோனவர், கையை அப்படியே நிறுத்தி, கரண்டியை ஓசைப்படாமல் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, எனக்குப் பசியில்லைப் பிள்ளை என்றார். நான் மணந்து பார்த்தேன், கருவாட்டு வாடை. ‘பெலாச்சான்’ எனப்படும் இறால் விழுதைப் போட்டுத்தான் அந்தக் கீரையை வதக்குவது அங்கே வழமை. அழைத்துக் கேட்டபோது, இறைச்சி போடவில்லையே என்று அந்தப் பணியாளர் உண்மையாகவே வியந்தார். மன்னிப்புக் கேட்டார்கள், ஆனால் பற்றுச்சீட்டில் அந்தக் கீரையின் விலையை எடுக்கவில்லை. 71 வயதில் ஒருவர் தன் விரதத்தைக் காத்துக்கொள்ள ஒரு நேரம் பட்டினி கிடந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதன் பிறகு கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றைச் சொல்கிறேன். மலேசியச் சமையலில் மரக்கறி என்று பெயர் இருப்பதாலேயே ஒரு பண்டம் சைவமாகிவிடாது. நாசி லெமாக்கின் சோறு தேங்காய்ப்பாலில் வெந்த அருமையான சைவச் சோறுதான். ஆனால் அதோடு வரும் சம்பலில் நெத்தலியும் பெரும்பாலும் பெலாச்சானும் இருக்கும். ரொட்டி சானாய்க்குத் தரும் சம்பலையும் அதே காரணத்துக்காகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சீனக் கடைகளில் கீரைக்கும் காளானுக்கும் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். கறி மீ, லக்சா என்ற நூடில்ஸ் வகைகளின் சாறு இறாலிலோ மீனிலோ கோழியிலோதான் தொடங்கும். தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைகளில் ‘டால்ச்சா’ என்ற பருப்புக் கறி, பார்வைக்கு எங்கள் பருப்பைப் போலவே இருந்தாலும், ஆட்டெலும்பு போட்டு வெந்ததாக இருக்கலாம்; சாதாரணப் பருப்பு வேறு, டால்ச்சா வேறு. ரொட்டி மாவில் சில கடைகளில் முட்டையும் சேரும். எனவே இறைச்சி இல்லையா என்று கேட்பது போதாது. மீன், இறால், முட்டை, சிப்பிச் சாறு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இந்தியக் கடைகளில் தமிழிலேயே கேட்கலாம், அங்கே பிரச்சினை வராது. சீனர்களின் பௌத்த சைவக் கடை கண்ணில் பட்டால் தயங்காமல் நுழையுங்கள். அவர்கள் வெங்காயம், உள்ளியைக்கூட விலக்குகிறவர்கள். சோயாவில் செய்து வாத்துப் போலவும் மீன் போலவும் வடிவம் கொடுத்து வைத்திருப்பதைப் பார்த்து அம்மா முதலில் பின்வாங்கினாலும், விளக்கம் சொன்ன பிறகு காளான் சூப்பும் அவித்த சோற்றையும் மனநிறைவாகச் சாப்பிட்டார்.

இரவுச் சாப்பாட்டில் எங்கள் எல்லாருக்கும் ஒருமித்துப் பிடித்தது ‘ஸ்டீம்போட்’. மேசையின் நடுவில் சாறு கொதித்துக்கொண்டிருக்கும். கீரை, காளான், தோஃபு, மீன் துண்டு, இறால், மெல்லியதாகச் சீவிய இறைச்சி என்று தட்டுத் தட்டாக வரும். நாமே போட்டு, நாமே எடுத்துச் சாப்பிட வேண்டும். வெளியே முகில் இறங்கி எதிர்க் கட்டடம் மறைந்துபோன இரவில், ஆவி பறக்கும் பாத்திரத்தைச் சுற்றி ஆறு பேர் இருப்பது அந்த மலைக்கென்றே அமைந்த சாப்பாடாக எனக்குப் பட்டது. நடுவே தடுப்பு வைத்த பாத்திரம் கேட்டால் தருகிறார்கள். ஆனால் கொதிக்கும்போது ஒரு பக்கத்துச் சாறு மறுபக்கம் தெறிக்கும் என்பதால் அம்மாவுக்கு அது சரிவராது என்று முன்னரே தெரிந்துகொண்டோம். சிறிய பாத்திரம் ஒன்றில் தண்ணீரும் இஞ்சியும் சோளத் துண்டும் மட்டும் போட்டுத் தனி அடுப்பு வைத்துத் தரும்படி கேட்டோம், கொண்டுவந்து வைத்தார்கள். சைவக்காரரோடு போகிறவர்கள் இதைத் தயங்காமல் கேட்கலாம். ஆளுக்கு இவ்வளவு என்று விலை வைக்கும் கடையைவிடத் தட்டுக்கு விலை வைக்கும் கடையே குடும்பத்துக்கு நல்லது, ஏனென்றால் அம்மாவைப்போலக் குறைவாகச் சாப்பிடுகிறவருக்கு முழு விலை கொடுக்க வேண்டியிருக்காது.

உலகப் பெயர்பெற்ற உணவகங்களும் ஸ்கைஅவெனியூவில் இருக்கின்றன. லண்டனில் தொடங்கிய பேர்கர் அன்ட் லொப்ஸ்டர், தாய்வானின் டின் தாய் ஃபங் ஆகியவை எல்லாராலும் சொல்லப்படுபவை. தம்பியும் கணவரும் லொப்ஸ்டருக்குப் போனார்கள், திருப்தியாகத் திரும்பினார்கள். நான் போகவில்லை. குருநகரிலும் பாசையூரிலும் விடியற்காலையில் வலையிலிருந்து இறங்கும் சிங்கிறாலை வாங்கி, அன்றே தூள் போட்டுப் பிரட்டிச் சாப்பிடும் வாய்ப்புள்ள நாங்கள், மலையுச்சியில் அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். டின் தாய் ஃபங்கின் வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை உடுப்பில் நின்று மா மடிக்கிறவர்களைப் பார்ப்பதே பிள்ளைகளுக்கு ஒரு காட்சி. மாவுக்குள் சாறு நிற்கும் அந்தக் கொழுக்கட்டையின் வழமையான உள்ளீடு பன்றி இறைச்சி என்பதை அறிந்து போக வேண்டும். பஃபே சாப்பாடு இரண்டு இளைஞர்கள் சேர்ந்து போனால் மட்டுமே காசுக்கு ஈடாகும். வயதானவருக்கும் சிறுபிள்ளைக்கும் அது வீண்.

குடிபானங்களைப் பற்றி எழுதும்போது எனக்கு மகிழ்ச்சி வருகிறது, ஏனென்றால் அந்த மலையில் குறைந்த காசில் நிறைந்த இன்பம் தந்தவை அவைதான். மாமாக் கடைக்காரர்கள் கண்டுபிடித்த ‘தே தாரிக்’, அதாவது இழுத்த தேநீர், கெட்டியான சாயத்தில் டின்பால் சேர்த்து, ஒரு குவளையிலிருந்து மற்றதற்குக் கையெட்டும் தூரம் உயர்த்தி ஊற்றி ஊற்றி நுரை வரச் செய்வது. எங்கள் நாக்குக்கு அது இனிப்புக் கூட; ‘குராங் மானிஸ்’ என்று சொன்னால் இனிப்பைக் குறைத்துத் தருவார்கள். பாலில்லாத தேநீருக்கு ‘தே ஓ’, பாலும் சீனியும் இல்லாததற்கு ‘தே ஓ கோசோங்’. மூன்றாம் நாள் அம்மா தானே கடையடிக்குப் போய், “தே ஓ கோசோங், சூடா” என்று பாதி மலாயும் பாதித் தமிழுமாகக் கேட்டு வாங்கி வந்தார். ‘தே ஹாலியா’ என்ற இஞ்சித் தேநீரைத் தவறவிடாதீர்கள். மலைக்கு அப்பால் இருக்கும் பெந்தோங் ஊர் இஞ்சிக்குப் பெயர்பெற்றது. அந்த இஞ்சியில் போட்ட தேநீர் தொண்டையில் இறங்கும்போது எங்கள் வீட்டு மல்லிக் கோப்பியின் காரம் ஞாபகத்துக்கு வரும். மாலையில் முகில் வந்து மூடும் நேரத்தில் அதைக் குடிப்பதற்கு ஈடாக அங்கே வேறொன்றையும் நான் காணவில்லை.

கோப்பி குடிக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்குள்ள பழைய முறைக் கோப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுப்பார்கள், அதனால் அது தாரைப்போலக் கறுத்து, கருகலும் இனிப்புமாக இருக்கும். ஈப்போ நகரத்தின் வெள்ளைக் கோப்பி சீனி சேர்க்காமல் மார்ஜரினில் மட்டும் வறுத்தது, சற்று மென்மையானது. பழகாதவர்கள் வெள்ளைக் கோப்பியிலிருந்து தொடங்கலாம். அறையில் சுடுநீர்க் கேத்தல் இருந்தால் இலங்கைத் தேயிலை கொஞ்சம் கொண்டுபோங்கள்; ஆனால் அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதால் சாயம் இறங்க வழமையைவிட இரண்டு நிமிடம் கூட வைத்திருக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தலைக் கீழேயே வாங்கிக்கொண்டு ஏறுவது நல்லது. மலையில் அதன் விலையும் மலையில்தான் நிற்கிறது.

மதுவைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், கசினோ விடுதிக்குப் போகிறவர்கள் அதைக் கேட்காமல் இருக்கமாட்டார்கள். மலேசியாவில் மதுவுக்கு வரி மிகக் கடுமையானது, மலையில் அதற்கு மேல் இடத்துக்கான விலையும் சேர்கிறது. தம்பி ஒரு மாலை பாட்டுக் கச்சேரி நடக்கும் மதுக்கூடம் ஒன்றில் இரண்டு பியர் குடித்துவிட்டுக் கொடுத்த காசு, அன்று காலை நாங்கள் ஆறு பேரும் உணவுக்கூடத்தில் சாப்பிட்டதைவிடக் கூட. பாட்டு நன்றாக இருந்தது என்று அவன் சொன்னதையும் நேர்மைக்காகக் குறிப்பிடுகிறேன். கசினோவின் உறுப்பினர் அட்டைக்குச் சேரும் புள்ளிகளைச் சாப்பாட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லிப் பலர் ஊக்குவிப்பார்கள். ஏற்கெனவே விளையாடத் தீர்மானித்தவருக்கு அது ஒரு சலுகை; இலவசச் சாப்பாட்டுக்காக மேசைக்குப் போகிறவர் உலகத்திலேயே விலை கூடிய நூடில்ஸைச் சாப்பிடுகிறார். எங்கள் ஊரிலிருந்து குடும்பத்தோடு போகிறவர்கள் கணவரையோ தம்பியையோ ‘சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடு’ என்று சொல்லி உள்ளே அனுப்புவதும் சரிவராது. உள்ளே நேரம் தெரிவதில்லை. வெளியே பிள்ளைகள் பசியோடு காத்திருப்பார்கள்.

ஒரு நாளையாவது மலைச்சரிவுக்கு ஒதுக்குங்கள் என்பது என் அழுத்தமான வேண்டுகோள். 2016 இறுதியில் ஓடத் தொடங்கிய அவானா ஸ்கைவே கேபிள் கார் ஏறத்தாழ பத்து நிமிடத்தில் உங்களைக் கீழ் நிலையத்தில் இறக்கிவிடும். வழியில் சின் சுவீ குகைக் கோயிலில் இறங்கியும் ஏறலாம். கீழ் நிலையத்திலிருந்து வாகனம் பிடித்தால் கோதோங் ஜெயா என்ற சிறு நகரம். விடுதியில் வேலை செய்கிறவர்கள் சாப்பிடும் சாதாரணக் கடைகள் அங்கேதான் இருக்கின்றன. அதே ரொட்டி, அதே வறுத்த மீ, உச்சியில் கொடுத்த விலையைவிட எவ்வளவோ குறைவு. விளம்பரப் பலகை பெரிதாக உள்ள கடையைவிட, சீருடை போட்ட வேலையாட்கள் கூட்டமாக இருக்கும் கடையைத் தேடிப் போனோம். எண்ணெய் புதிது, சோறு சூடு, பரிமாறியவர் எங்கள் தமிழைக் கேட்டுவிட்டு எந்த ஊர் என்று விசாரித்து, அம்மாவுக்குத் தயிரும் ஊறுகாயும் தானாகவே கொண்டுவந்து வைத்தார்.

ஆனி தொடங்கி ஆவணி வரையுள்ள மாதங்களில் போகிறவர்களுக்கு டுரியான் பழம் காத்திருக்கும். பகாங் மாநிலத்து மூசாங் கிங் வகைக்கு மலேசியர்கள் கொடுக்கும் மதிப்பு, எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்குக் கொடுப்பதற்கு ஒப்பானது. நிறுத்துத்தான் விற்பார்கள், முள்ளுத் தோலோடு சேர்த்துத்தான் நிறுப்பார்கள். வெட்டும் முன்னர் கிலோ என்ன விலை, மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். வாடை காரணமாக ஹோட்டல்களுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், ஆகவே கடை வாசலில் நின்றே சாப்பிட்டு முடிக்க வேண்டும். என் மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டான். மகளும் அம்மாவும் ஒரு பழத்தை இருவராக முடித்தார்கள்.

மூன்று நாளும் எங்களுக்குக் குறையாக இருந்தது ஒன்று சொதி, மற்றது உறைப்பு. இடியப்பம் ‘புத்து மாயாம்’ என்ற பெயரில் அங்கே உண்டு, ஆனால் தேங்காய்ப்பூவும் பனைவெல்லம் போன்ற ஒரு சர்க்கரையும் போட்டு இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எங்களுக்கு அது மாலைப் பலகாரம் மட்டும்தான். வீட்டில் இடித்த மிளகாய்த்தூளில் கொஞ்சமும் பருத்தித்துறை வடை இரண்டு பைக்கற்றும் பெட்டியில் வைத்துக்கொண்டு போனது மிக நல்லதாய்ப் போயிற்று. கீரை விடயத்தில் பட்டினியாய் இருந்த மதியம் அம்மாவைத் தாங்கியது அந்த வடைதான்.

திரும்பும் நாளில் மலையில் மதியச் சாப்பாடு எடுக்கவே வேண்டாம். நாங்கள் பதினொரு மணிக்கே இறங்கி, பத்து மலைக்குப் போய், 272 படிகளை ஏறக்கூடியவர்கள் ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, கோயிலடியிலுள்ள சைவ உணவகம் ஒன்றில் வாழையிலை போட்டு உட்கார்ந்தோம். புழுங்கலரிசிச் சோறு, பருப்பு, இரசம், பாகற்காய்ப் பொரியல், அப்பளம், மோர். சோறும் கறியும் கேட்கக் கேட்க வந்துகொண்டேயிருந்தன. யாழ்ப்பாணத்து மலாயன் கபேயில் இலையில் சாப்பிட்டுப் பழகிய அம்மா, எதையும் மணந்து பார்க்காமல், யாரையும் எதுவும் கேட்காமல், மூன்று நாளுக்குப் பிறகு முதல் முறையாக இரண்டாம் தரம் சோறு போடச் சொன்னார்.